நெல்லைச் சீமையில் ஆய்வு தொடங்குவோருக்கு: பல்கலை நூலகத்தைப் பழகும் முறை

தலைப்பு முடிவான பிறகு நூலகத்துக்கு வருவதுதான் புதிய ஆய்வாளர்கள் பலரும் செய்யும் முதல் தவறு. கைடிடம் பேசி, சினாப்சிஸ் எழுதி, கமிட்டியும் முடிந்த பின் ஷோத்கங்கா என்ற இணைய ஆய்வேட்டுக் களஞ்சியத்தைத் திறந்தால், அதே தலைப்பில் பக்கத்து மாவட்டத்தில் ஒருவர் ஏற்கெனவே பட்டம் வாங்கியிருப்பார். அப்புறம் தலைப்பை மாற்றக் கடிதம், கையெழுத்து, அடுத்த கமிட்டி என்று மாதங்கள் ஓடிவிடும். தென்காசி ரோட்டில் அபிஷேகப்பட்டி வளாகத்தில் சேர்ந்தவரானாலும் சரி, பாளையங்கோட்டை, தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கத்து இணைவுக் கல்லூரிகளில் பதிவு செய்தவரானாலும் சரி, முதல் வாரத்தில் பழக வேண்டியது நூலகத்தைத்தான். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தை மனத்தில் வைத்து இதை எழுதுகிறோம். பெரும்பகுதி மற்றப் பல்கலை நூலகங்களுக்கும் பொருந்தும்.

நூலகத்தில் தேடுவது முழுக்கப் பெயர் சார்ந்த வேலை. ஒரு பொருளை இந்த நூற்றைம்பது வருடத்தில் யார் யார் எந்தெந்தப் பெயரில் எழுதி வைத்தார்கள் என்று தெரிந்தவருக்கு அது கிடைக்கும். தெரியாதவர் ‘நம்ம நூலகத்துல ஒண்ணும் இல்லை’ என்று திரும்பிப் போவார். நெல்லை பற்றிய ஆய்வில் இந்தச் சிக்கல் மிக அதிகம். அந்தப் பகுதியை அதனால் விரிவாகச் சொல்லியிருக்கிறோம்.

கார்டும் கணக்கும்

சேர்க்கை ரசீது, அடையாள அட்டை, பாஸ்போர்ட் அளவுப் படம் இரண்டு, துறைத்தலைவர் கையெழுத்திட்ட விண்ணப்பம் ஆகியவற்றோடு போனால் பெரும்பாலும் ஒரே நடையில் கார்டு வேலை முடியும். காப்புத்தொகை கட்டச் சொன்னால் அந்த ரசீதைப் போட்டோ எடுத்து மின்னஞ்சலில் போட்டு வையுங்கள். அச்சு ரசீதின் மை நாலைந்து வருடத்தில் மங்கிப் போகும். பணத்தைத் திரும்பக் கேட்கும்போது எண் தெரியாமல் நிற்க வேண்டிவரும்.

விண்ணப்பத்தில் பெயரை எழுதும்போது கொஞ்சம் நிதானியுங்கள். பட்டச் சான்றிதழில் இனிஷியல் எங்கே இருக்கிறதோ, எந்த எழுத்துக்கூட்டலில் பெயர் இருக்கிறதோ, அப்படியே எழுதுங்கள். இந்தப் பெயர்தான் மின்னஞ்சல், ஆர்க்கிட் எண் (ஆய்வாளருக்கான உலகளாவிய அடையாள எண்), ஒப்புமைச் சோதனைச் சான்று (பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று காட்டுவது), கடைசியில் ஆய்வேடு என்று எல்லா இடத்துக்கும் போகும். ஓரிடத்தில் இனிஷியல் முன்னாலும் இன்னோரிடத்தில் பின்னாலும் வந்தால், இணையத் தரவுத்தளங்கள் உங்களை இரண்டு ஆட்களாகக் கணக்கிட்டுவிடும். பதினாறு இலக்க ஆர்க்கிட் எண் இலவசம். முதல் கட்டுரை அனுப்பும் முன்பே எடுத்துவிடுங்கள்.

எத்தனை புத்தகம், எத்தனை நாள், தாமதக் கட்டணம் எவ்வளவு என்பதை இரவல் மேசைப் பலகையில் பார்த்துக்கொள்ளுங்கள். மேற்கோள் நூல்கள், பைண்டு செய்த பழைய இதழ்கள், ஆய்வேடுகள் ஆகிய மூன்றையும் பொதுவாக வீட்டுக்குத் தரமாட்டார்கள். அவற்றைப் பார்க்கத் தனியாக ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். மாலை நாலு மணிக்கு வந்து ஆய்வேடு கேட்டால் எடுத்து வைக்கும் நேரமே மிஞ்சும்.

அலமாரி எண்ணைப் படிப்பது

நம் பக்கத்து நூலகங்கள் பலவற்றில் புத்தகத்தின் முதுகில் இருப்பது டியூயி தசம எண். 494.811 தமிழ் மொழி, 894.811 தமிழ் இலக்கியம், 954.82 தமிழக வரலாறு, 398 நாட்டார் வழக்காறு, 598 பறவைகள். சில பழைய நூலகங்களில் சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் ரங்கநாதனின் கோலன் முறையும் உண்டு. அதில் தமிழ் இலக்கியத்தின் எண்ணில் ‘31’ வரும். ஒரே நூலகத்தில் இரண்டு முறையும் கலந்து நின்றால் திகைக்க வேண்டாம். எந்த வருடம் வரை எது என்று நூலகர் ஒரு வரியில் சொல்லிவிடுவார்.

புதியவர்கள் அதிகம் சறுக்குவது புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணில். 954.82 புத்தகம் 954.9க்கு முன்னால் நிற்கும். எண்பத்திரண்டு ஒன்பதைவிடப் பெரிது என்று நினைத்துத் தள்ளித் தேடினால் கிடைக்காது. புள்ளிக்குப் பின் ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட வேண்டும். எண்ணுக்குக் கீழே இருக்கும் இரண்டு மூன்று எழுத்து ஆசிரியர் பெயரின் தொடக்கம்.

ஒரு பொருள் ஒரே அலமாரியில் இருக்கும் என்று எதிர்பார்க்கவும் கூடாது. நெல்லையப்பர் கோயிலை எடுத்துக்கொண்டால், வழிபாடு பற்றிய நூல் 294.5லும், கட்டடக்கலை 726லும், கல்வெட்டையும் அரசர்களையும் சொல்லும் நூல் 954.82லும், தலபுராணம் 894.811லும் இருக்கக்கூடும். ஒரு மூலையில் பார்த்துவிட்டு ஆய்வு மூலங்கள் குறைவு என்று சினாப்சிஸில் எழுதினால், வைவா என்ற வாய்மொழித் தேர்வில் அதே வரியைப் பிடித்துத்தான் கேள்வி வரும்.

கணினிப் பட்டியலில், அதாவது ஓபாக்கில், தேடும்போது முழுத் தலைப்பையும் அடிக்காதீர்கள். ஓர் எழுத்து மாறினாலும் விடை வராது. தலைப்பின் அரிதான ஒரு சொல், ஆசிரியர் பெயரின் ஒரு பகுதி, இவ்வளவு போதும். வேண்டிய புத்தகம் அகப்பட்டதும் அதன் பதிவுக்குள் போய், நூலகர் போட்டிருக்கும் பொருள் தலைப்பைச் சொடுக்குங்கள். உங்களுக்குத் தோன்றாத பெயரில் பதிவான இருபது முப்பது புத்தகங்கள் வரிசையாக வரும்.

‘உள்ளது’ என்று பட்டியல் சொல்லியும் அலமாரியில் இல்லையென்றால் முதலில் அதே தட்டில் இரண்டு பக்கமும், பிறகு மேல்தட்டும் கீழ்த்தட்டும், பிறகு திரும்பி வந்த புத்தக வண்டி, வாசிப்பு மேசைகள் என்று பாருங்கள். புத்தகம் பெரும்பாலும் இந்த நாலு இடத்தில் ஒன்றில் இருக்கும். இல்லையென்றால் பதிவு எண்ணை எழுதி மேசையில் கொடுங்கள். படித்து முடித்த புத்தகத்தை நீங்களே அலமாரியில் செருகுவது உதவிபோலத் தெரியும். தவறான இடத்தில் செருகிய புத்தகம் அடுத்த சரிபார்ப்பு வரை தொலைந்ததற்குச் சமம். மேசையிலேயே வைத்துவிடுங்கள்.

ஊருக்கு எத்தனை பெயர்

ஆங்கில ஆட்சிக்கால ஆவணம் எதுவானாலும் நம் ஊர் அதில் ‘டின்னவெல்லி’. ‘டி’யில் தொடங்கி, நடுவில் இரட்டை ‘என்’, கடைசியில் இரட்டை ‘எல்’லும் ‘ஒய்’யும். கால்டுவெல் 1881இல் எழுதிய மாவட்ட வரலாறும், எச். ஆர். பேட் தொகுத்து 1917இல் வந்த கெசட்டியரும் (அரசின் மாவட்ட விவரத் தொகுப்பு) அந்தப் பெயரில்தான் பட்டியலாகியிருக்கின்றன. இன்றைய எழுத்துக்கூட்டலில் மட்டும் தேடுபவர் இரண்டையும் தவறவிடுவார். பாளையங்கோட்டைக்குப் ‘பாளம்கோட்டா’, தூத்துக்குடிக்கு ‘டூட்டிகோரின்’, குற்றாலத்துக்குக் ‘கோர்ட்டாலம்’, செங்கோட்டைக்கு ‘ஷென்கோட்டா’ என்று பழைய எழுத்துக்கூட்டல்களை ஒரு தாளில் எழுதி ஆய்வுக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.

ஆற்றுக்கு இன்னும் அதிகம். தமிழில் தாமிரபரணி, தாமிரவருணி, பொருநை, தண்பொருநை. ஆங்கிலத்தில் ‘ப’வுக்கு ‘பி’ போடுவோர், ‘பிஎச்’ சேர்ப்போர், ‘த’வுக்கு ‘டி’ மட்டும் போடுவோர், ‘டிஎச்’ போடுவோர் என்று ஆளுக்கு ஒரு விதம். நீர்த் தரம், மீன் வகை, மணல் பற்றி ஆய்வு செய்பவர் குறைந்தது ஆறு எழுத்துக்கூட்டல்களை ‘அல்லது’ என்ற இணைப்புச் சொல்லால் கோத்து ஒரே தேடலாகப் போட வேண்டும். தரவுத்தளத்தில் அந்தச் சொல்லை ஆங்கிலத்தில் பெரிய எழுத்துகளில் அடிக்க வேண்டும். ஒவ்வோர் எழுத்துக்கூட்டலையும் மேற்கோள் குறிக்குள் வையுங்கள். இலங்கையின் பழம்பெயரும் இதே வேரில் வருவதால் வரலாற்றுத் தேடலில் இலங்கைக் கட்டுரைகளும் கலந்து விழும். அவற்றைக் கழிக்க நாட்டின் பெயருக்கு முன் கழித்தல் குறி போடலாம். ஆனால் இரண்டையும் சேர்த்துப் பேசும் நல்ல கட்டுரையும் அதோடு போய்விடும். முதல் சுற்றில் கழிக்காமல் பாருங்கள்.

பெயரைவிட ஆபத்தானது எல்லை. 1910இல் ராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் நம் மாவட்டத்திலிருந்து போனது. 1956 நவம்பரில் மொழிவாரி மாநிலப் பிரிவினையோடு செங்கோட்டை திருவிதாங்கூர்ப் பக்கமிருந்து இங்கே வந்தது. 1986 அக்டோபரில் தூத்துக்குடி தனி மாவட்டமானது. அதன்பின் பத்துப் பதினோரு வருடம் இரண்டு மாவட்டங்களும் கட்டபொம்மன் பெயரிலும் சிதம்பரனார் பெயரிலும் வழங்கி, பிறகு ஊர்ப்பெயருக்கே திரும்பின. 2019 நவம்பரில் தென்காசி பிரிந்தது.

இதை அறியாமல் 1981 கணக்கெடுப்பில் திருநெல்வேலியின் மக்கள்தொகையையும் 1991இல் உள்ளதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரைபடம் போட்டால், பத்து வருடத்தில் லட்சக்கணக்கானோர் ஊரைவிட்டுப் போனதுபோல் தெரியும். குறைந்தது மக்கள் அல்ல, நிலம். 2011 கணக்கெடுப்பில் ‘திருநெல்வேலி’ என்பது தென்காசியையும் சேர்த்தது. நீண்டகால ஒப்பீடு வேண்டுமென்றால் மாவட்ட எண்ணை விட்டுவிட்டுத் தாலுகா எண்களை எடுத்து, இன்றைய எல்லைக்கு நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள். தாலுகாக்களும் பிரிந்திருக்கும் என்பதால் கிராமப் பட்டியலோடு சரிபார்க்க வேண்டும். வேலை கூடுதல்தான், ஆனால் இதற்குக் குறுக்குவழி கிடையாது. செங்கோட்டையின் பழைய நில ஆவணம் தேடுபவர் சென்னைக்குப் போகும் முன் திருவனந்தபுரத்தை நினைக்க வேண்டியதும் இந்த எல்லை மாற்றத்தால்தான்.

ஆள் பெயரிலும் இதே கதை. தமிழ் லெக்சிகனின் பதிப்பாசிரியராக இருந்த நெல்லைக்காரர் வையாபுரிப்பிள்ளை சில பட்டியல்களில் ‘வையாபுரிப்பிள்ளை, எஸ்.’ என்றும் சிலவற்றில் ‘பிள்ளை, எஸ். வையாபுரி’ என்றும் இருப்பார். நம் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த சுந்தரம் பிள்ளைக்கு இனிஷியல் தமிழில் ‘பெ’, ஆங்கிலம் வழியாக வந்த பதிவில் ‘பி’. அவருடைய 1891 நாடகம் ‘மனோன்மணீயம்’, நெடில் ‘ணீ’. பல்கலைக்கழகத்தின் பெயரில் குறில் ‘ணி’. ஒன்றை அடித்து மற்றதைத் தேடினால் கணினி கைவிரித்துவிடும்.

வெளிநாட்டு நூலகப் பட்டியல்களில் தமிழ்த் தலைப்பு ரோமன் எழுத்தில் இருக்கும். அங்கே சகரத்துக்கு ஆங்கிலத்தின் மூன்றாம் எழுத்தைப் போடுவார்கள். சிலப்பதிகாரத்தை ‘எஸ்’ஸில் தேடினால் வராது. ழகரம், கீழே கோடிட்ட ‘எல்’. கோட்டை விட்டுவிட்டு வெறும் ‘எல்’ அடித்தால் போதும், பெரும்பாலான பட்டியல்கள் புரிந்துகொள்ளும். ‘இசட்எச்’ அடித்தால் புரியாது.

தமிழ் எழுத்தில் தேடும்போது ஒற்று மிகும் இடங்களைக் கவனியுங்கள். ‘பாய்த்தொழில்’, ‘பாய்த் தொழில்’, ‘பாய் தொழில்’ மூன்றும் கணினிக்கு மூன்று சொற்கள். பத்தமடைக் கோரைப்பாய் பற்றித் தேடுபவர் ‘பத்தமடை’ என்ற ஊர்ப்பெயரை மட்டும் போட்டாலே போதும். வேற்றுமை உருபு சேராத அரிய சொல்தான் நல்ல தேடுசொல். இன்னொரு கண்ணுக்குத் தெரியாத பிழை ஔவையார். பாதிப் பேர் ‘ஔ’ என்ற ஒரே எழுத்தை அடிக்காமல் ‘ஒ’வையும் ‘ள’வையும் சேர்த்து அடித்திருப்பார்கள். பார்வைக்கு ஒன்றுதான், கணினிக்கு இரண்டு. இரண்டு விதமாகவும் அடித்துப் பாருங்கள்.

தாவரவியல், விலங்கியல் மாணவர்கள் உள்ளூர்ப் பெயரை விட்டுவிட்டு லத்தீன் இருசொற்பெயரில் தேடுங்கள். அதன் பழைய ஒத்தபெயர்களையும் சேருங்கள். களக்காடு முண்டந்துறை மலைத் தாவரங்கள் பற்றிய பழைய கட்டுரைகளில் இன்று மாறிவிட்ட பெயர்கள் நிறைய.

ஷோத்கங்கா

பல்கலை நூலகங்களை இணைக்கும் மத்திய அமைப்பான, காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் நடத்தும் இந்திய ஆய்வேடுகளின் களஞ்சியம். உள்ளே போகக் கட்டணமோ லாகினோ வேண்டாம். தலைப்புச் சொல்லால் தேடுவதோடு நிறுத்தாமல், பல்கலைக்கழகம், அதற்குள் துறை என்று இறங்கி, உங்கள் துறையின் முழுப் பட்டியலையும் ஒருமுறை மேலிருந்து கீழ் வரை படியுங்கள். தலைப்பில் ‘நெல்லை’ என்று வராமலே நெல்லைக் களப்பணி செய்த ஆய்வேடுகள் அப்படித்தான் கண்ணில் படும்.

ஆய்வேடு இயல் இயலாகத் தனிக் கோப்புகளில் இருக்கும். 80 என்ற எண்ணில் தொடங்கும் கோப்பில் தலைப்புப் பக்கமும் முடிவுரையும் சேர்ந்திருக்கும். முதலில் அதை, பிறகு துணைநூற்பட்டியலை, பிடித்திருந்தால் மட்டும் மற்ற இயல்களை இறக்குங்கள். நல்ல துணைநூற்பட்டியல் ஒன்று உங்கள் ஒரு மாத வேலையை மிச்சப்படுத்தும். ஆனால் அதிலிருந்து நேராக மேற்கோளை எடுத்து, மூலநூலைப் பார்த்ததுபோல் எழுதாதீர்கள். முதலாமவர் பக்க எண்ணைத் தவறாகக் குறித்திருந்தால் அந்தத் தவறும் உங்கள் ஆய்வேட்டுக்கு வரும். இரண்டு பேரிடம் ஒரே தவறு இருப்பதைத் தேர்வாளர் எளிதில் பிடித்துவிடுவார்.

தமிழ் ஆய்வேடுகள் பல வெறும் ஸ்கேன் படங்கள், அல்லது பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சானவை. உள்ளடக்கத்துக்குள் தேடினால் எதுவும் சிக்காது. விவரப் பதிவில் உள்ள தலைப்பையும் சுருக்கத்தையும் நம்பித்தான் போக வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2009 விதிமுறைக்குப் பிறகுதான் மின்வடிவம் வழக்கமானது. அதற்கு முந்தைய ஆய்வேடுகளுக்கு அலமாரிக்குத்தான் போக வேண்டும். நடந்துகொண்டிருக்கும் ஆய்வுகளின் சினாப்சிஸ்கள் ஷோத்கங்கோத்ரியில் இருக்கும். தலைப்பு மோதுகிறதா என்று பார்க்க அதுவும் அவசியம்.

மின்னிதழ்கள்: வளாகத்துக்குள்ளும் வெளியிலும்

ஆய்விதழ்களுக்கு மத்திய அரசே மொத்தமாகச் சந்தா கட்டும் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2025 தொடக்கத்திலிருந்து நடைமுறையில் இருக்கிறது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள், மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். அரசு நடத்தும் உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களுக்கும் ஆனது. உதவி பெறும் கல்லூரியிலோ சுயநிதிக் கல்லூரியிலோ இருப்பவர், கல்லூரிகளுக்கு மின்னிதழ்கள் தரும் என்-லிஸ்ட் திட்டத்தில் தம் கல்லூரி உறுப்பினரா என்று கல்லூரி நூலகரிடம் கேட்டுத் தனிப் பயனர்பெயர் வாங்குங்கள். கேட்காதவருக்கு யாரும் தேடிவந்து தரமாட்டார்கள்.

வளாக வைஃபையில் இருந்தால் பதிப்பகத் தளம் உங்களை ஐபி எண்ணால் அடையாளம் காணும். பக்கத்தின் மேல்மூலையில் பல்கலைக்கழகத்தின் பெயர் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். பெயர் தெரியாமல் பணம் கேட்டால் கைபேசி சிம் டேட்டாவில் இருக்கிறீர்கள் என்று பொருள். விடுதியில் வைஃபை மெதுவாக இருக்கிறதென்று ஹாட்ஸ்பாட்டுக்கு மாறுகிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும்.

வீட்டிலிருந்து படிக்க, நிறுவனக் கணக்கால் உள்நுழைய உதவும் இந்தியக் கூட்டமைப்பான இன்ஃபெட் வழியாகவோ நூலகம் தரும் தொலைநிலைச் செயலி வழியாகவோ போக வேண்டும். வரிசை இப்படி: நூலகத்திடம் நிறுவன மின்னஞ்சலைக் கொடுத்துக் கணக்குத் தொடங்குவது, பதிப்பகத் தளத்தில் ‘நிறுவனம் வழியாக உள்நுழை’ என்பதைத் தேர்வது, பட்டியலில் இந்தியக் கூட்டமைப்பைத் தேர்ந்து பல்கலைக்கழகத்தைப் பிடிப்பது, பிறகு லாகின். தளத்தின் சாதாரண உள்நுழைவுப் பெட்டியில் பல்கலைக் கடவுச்சொல்லை அடித்துவிட்டு வேலை செய்யவில்லை என்று சொல்வோர்தான் அதிகம். அந்தப் பெட்டி தனிநபர் கணக்குக்கானது.

ஓர் எச்சரிக்கை. ஓர் இதழின் அத்தனை தொகுதிகளையும் மென்பொருள் போட்டு மொத்தமாக இறக்காதீர்கள். பதிப்பகத்தின் கணினி அதைத் திருட்டு என்று எடுத்துக்கொண்டு பல்கலைக்கழகத்தின் ஐபியையே முடக்கும். ஒருவர் செய்ததற்கு வளாகமே கட்டுரை இல்லாமல் உட்கார்ந்திருக்கும்.

சந்தாவில் இல்லாத கட்டுரைக்கு அன்பேவால் என்ற இலவச உலாவி நீட்சியைப் போடுங்கள். சட்டப்படி இலவசப் பிரதி எங்காவது இருந்தால் பக்கத்தின் ஓரத்தில் பச்சைப் பூட்டு தெரியும். இல்லையென்றால் ஆசிரியருக்கே இரண்டு வரி மின்னஞ்சல் எழுதுங்கள், பெரும்பாலோர் அனுப்பிவிடுவார்கள். அதுவும் ஆகவில்லையென்றால் நூலகங்களுக்கிடையே பகிரும் வலையமைப்பான டெல்நெட் வழியாக வரவழைக்க முடியுமா என்று நூலகரிடம் கேளுங்கள். கேட்கும்போது இதழ் பெயர், தொகுதி, இதழ் எண், வருடம், பக்கங்கள் ஆகிய ஐந்தும் கையில் இருக்கட்டும்.

மேற்கோள் மென்பொருள்

படித்தவற்றின் விவரங்களைச் சேமித்துத் துணைநூற்பட்டியல் ஆக்கித் தரும் சொட்டேரோ இலவசம், தமிழ் யூனிகோடையும் ஏற்கும். முதல் நாளிலேயே நிறுவுங்கள். இருநூறு கட்டுரை சேர்ந்த பிறகு ஏற்றுவது பெரும் பாடு. இலவசச் சேமிப்பு 300 எம்பி மட்டுமே. ஸ்கேன் செய்த தமிழ் நூல்கள் நாலைந்தே அதை நிரப்பிவிடும். கோப்புகளைத் தனி வன்தட்டில் வைத்து, விவரங்களை மட்டும் ஒத்திசைக்க விடுங்கள்.

நம்மவர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. எல்லாப் பெயருக்கும் குடும்பப் பெயர், முதற்பெயர் என்று இரண்டு பகுதி இருக்கும் என்று மென்பொருள் நினைக்கிறது. தமிழ்ப் பெயரை அப்படியே விட்டால் இனிஷியலையோ சாதிப் பின்னொட்டையோ குடும்பப் பெயராக்கி, துணைநூற்பட்டியலில் பத்துப் பிள்ளைகளையும் ஒரே இடத்தில் குவித்துவிடும். பெயர்க் கட்டத்தின் ஓரத்தில் உள்ள குறியை அழுத்தி ஒற்றைக் கட்டமாக்குங்கள். அதில் ‘சுந்தரம் பிள்ளை, பெ.’ என்று உங்கள் துறை கேட்கும் வடிவிலேயே முழுதாக எழுதுங்கள். பதிவை உள்ளே எடுத்த அன்றே செய்தால் ஒரு நிமிடம் ஆகும்.

ஒப்புமைச் சோதனை

2018 யுஜிசி விதிமுறையின்படி ஒப்புமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஒரு வருடம் திருத்திய ஏட்டைத் தர முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. உரிய குறிப்போடு காட்டிய மேற்கோள்கள், துணைநூற்பட்டியல், உள்ளடக்கம், நன்றியுரை, சட்ட வாசகங்கள், வழக்கமான சமன்பாடுகள் கணக்கில் வராது. தற்செயலாக ஒத்துப்போகும் 14 சொற்கள் வரையிலான தொடர்களும் வராது.

தமிழ் இலக்கிய மாணவர்களுக்கு எண் திடீரென ஏறுவது பாடல் வரிகளால். சங்கப் பாடலை மேற்கோள் குறி இல்லாமல் உள்தள்ளி மட்டும் கொடுத்தால் மென்பொருள் அதை உங்கள் சொந்த வரி என்று எண்ணி ஒப்புமையில் சேர்க்கும். குறி போட்டுப் பாடல் எண்ணும் கொடுத்து, சோதனையின்போது மேற்கோள் நீக்கும் வசதியை இயக்கச் சொல்லுங்கள். பழைய எழுத்துருவில் அடித்த ஏடு மென்பொருளுக்கு அர்த்தமற்ற ஆங்கில எழுத்துக் குவியல். பூஜ்யம் வந்தாலும் அது மதிப்பற்ற பூஜ்யம். யூனிகோடுக்கு மாற்றி, மாற்றத்தில் உடைந்த கொம்பு, கால்களைத் திருத்திய பிறகே கொடுங்கள். இருநூறு பக்கத்துக்கு இந்தத் திருத்தம் இரண்டு வாரமாவது பிடிக்கும்.

இணையத்தில் ‘இலவசச் சோதனை’ தளங்களில் வரைவை ஏற்றிப் பார்க்க வேண்டாம். அந்தத் தளம் அதைச் சேமித்து வைத்துக்கொண்டால் பிறகு உங்கள் ஏடு உங்கள் வரைவோடேயே ஒத்துப்போகும்.

எங்கே எழுதுவது

தரமான ஆய்விதழ்கள் என்று யுஜிசி வைத்திருந்த யுஜிசி-கேர் இதழ்ப் பட்டியல் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. இன்னமும் ‘கேர் பட்டியலில் உள்ள இதழ், மூன்றே நாளில் வெளியீடு’ என்று வாட்ஸப்பில் வந்தால் அதை அழித்துவிடுங்கள். ஸ்கோப்பஸ் என்ற பன்னாட்டு ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் இருப்பதாக ஓர் இதழ் சொன்னால் ஸ்கோப்பஸின் சொந்தப் பட்டியலில் ஐஎஸ்எஸ்என் எண்ணைக் கொண்டு தேடி, எந்த வருடம் வரை சேர்த்திருக்கிறார்கள் என்று பாருங்கள். நீக்கப்பட்ட இதழ்கள் பழைய பெருமையைச் சொல்லிக் காசு வாங்கும். நல்ல இதழின் பெயரில் போலித் தளம் நடத்துவோரும் உண்டு என்பதால், இதழின் முகவரியை மின்னஞ்சல் இணைப்பிலிருந்து எடுக்காமல் பட்டியலிலிருந்தே எடுங்கள். சந்தேகமானால் பணம் கட்டும் முன் நூலகரிடம் காட்டுங்கள்.

புதுச் செய்தி தானே வந்து சேர

கூகுள் ஸ்காலரில் உங்கள் தேடுசொற்களுக்கு அலர்ட் போடுங்கள், பழைய எழுத்துக்கூட்டலுக்கும் தனியாக. முக்கியமான கட்டுரை ஒன்றில் ‘இதை மேற்கோள் காட்டியவை’ என்பதைத் திறந்து அதற்கும் ஒன்று போடலாம். நூலகத்தின் புதுவரவுத் தட்டையும் அறிவிப்புப் பலகையையும் வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். தரவுத்தளப் பயிற்சி, சோதனைக்கால இலவச அணுக்கம் போன்றவை குறுகிய நாட்களுக்கே கிடைக்கும்.

வளாகத்துக்கு அப்பால்

பாளையங்கோட்டையிலேயே மாவட்ட மைய நூலகம், அரசு அருங்காட்சியகம், தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் இருக்கின்றன. வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, சுடலைமாடன் வழிபாடு பற்றி ஆய்வு செய்பவர் சவேரியார் கல்லூரிக்குப் போகாமல் தலைப்பை முடிவு செய்யக்கூடாது. ஆதிச்சநல்லூரில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ தோண்டியெடுத்த பொருள்களைப் பார்க்க எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். அந்த ஊரையும் ‘ச்ச’ போட்டும் ‘த்த’ போட்டும் தேடுங்கள்.

பழைய தமிழ் அச்சு நூலுக்குச் சென்னை ஏறும் முன் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தைப் பாருங்கள், பெரும்பகுதி வீட்டிலேயே கிடைத்துவிடும். அங்கே இல்லாததற்குத் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், எழும்பூரில் கன்னிமாரா நூலகம். கலெக்டர் அலுவலகப் பழைய கடிதப் போக்குவரத்துக்கு எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். போகும் முன் கைடின் கையெழுத்தும் துறை முத்திரையும் உள்ள அறிமுகக் கடிதம் இரண்டு மூன்று படி, அடையாள அட்டை நகல், வேண்டிய ஆவணங்களின் எண் பட்டியல் ஆகியவற்றைத் தயார் செய்யுங்கள். கேட்ட கட்டு மேசைக்கு வர நேரமாகும். ஒரே நாளில் முடித்து இரவு நெல்லை எக்ஸ்பிரஸில் திரும்பும் திட்டம் வேண்டாம், மூன்று நாள் வையுங்கள்.

சமர்ப்பிக்கும் போது

நூலக நிலுவையின்மைச் சான்று இல்லாமல் ஏட்டை வாங்கமாட்டார்கள். சமர்ப்பிக்க ஒரு மாதம் இருக்கும்போதே கணக்கைப் பாருங்கள். நண்பருக்கு உங்கள் கார்டில் எடுத்துக் கொடுத்த புத்தகம் அப்போதுதான் நினைவுக்கு வரும். தொலைந்திருந்தால் அதே பதிப்பையோ புதிய பதிப்பையோ வாங்கித் தர அனுமதிப்பார்களா என்று கேளுங்கள். பழைய புத்தகக் கடைகளில் தேடிப் பிடிக்க நாள் வேண்டும்.

பிடிஎஃப் ஆக்கும்போது எழுத்துருவை உள்ளே பதியுங்கள். பிறகு ஒரு பத்தியை நகலெடுத்து வேறொரு பக்கத்தில் ஒட்டிப் பாருங்கள். தமிழ் உடையாமல் வந்தால்தான் பின்னால் வருபவர் அதற்குள் தேட முடியும். ஷோத்கங்காவுக்கான விவரப் படிவத்தில் குறிச்சொல் கட்டத்தை மூன்று பொதுச் சொற்களோடு நிறுத்திவிடாதீர்கள். திருநெல்வேலி, நெல்லை, டின்னவெல்லி, ஆய்வு செய்த தாலுகாவின் பழைய பெயர், இன்றைய மாவட்டத்தின் பெயர் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் அத்தனை எழுத்துக்கூட்டல்களையும் எழுதிக் கொடுங்கள்.